இந்த வைரஸுக்கு எந்த ஊர்?

கொசுவை அரைத்து, அதற்குள் இருக்கும் வைரஸ்களை எழுத்தெழுத்தாகப் படிக்கிறது இன்றைய அறிவியல். அறுபது ஆண்டுகளுக்கு முன் அந்தத் தேடலில் தமிழ்நாடு முன்வரிசையில் நின்றது. அதே வேலையை இனி தேவகோட்டை போன்ற ஊர்களிலிருந்து ஏன் தொடங்க வேண்டும்?

ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பிடித்துவிட்டால் தேவகோட்டையில் இரண்டு காரியங்கள் அடுத்தடுத்து நடக்கும். முதலில் ஊரணிகளில் தண்ணீர் ஏறும். பத்து நாள் கழித்துக் காய்ச்சல்காரர்களின் வரிசை நீளும். உடம்பு நெருப்பாகக் கொதிக்கும். மூட்டுக்கு மூட்டு வலி. கண்ணுக்குப் பின்னால் குத்தல். ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். டெங்கு இல்லை. மலேரியா இல்லை. டைபாய்டும் இல்லை. சீட்டில் எழுத மருத்துவருக்குப் பெயர் கிடைக்காத இடத்தில் செய்தித்தாள்கள் ஒரு பெயரை வைத்துவிடும்: மர்மக் காய்ச்சல்.

ஆய்வகத்தில் செய்யப்படும் வழக்கமான சோதனை ஒவ்வொன்றும் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கிறது. ‘நீ டெங்குவா?’ என்று கேட்டால் ‘ஆமாம்’ அல்லது ‘இல்லை’ என்று பதில் வரும். ‘இல்லை’ என்றால் வேறு யார் என்று அந்தச் சோதனை சொல்லாது. யாரும் பெயர் வைக்காத கிருமி ஒன்று அந்த ரத்தத்தில் இருந்தால் அதைக் கேட்பதற்குக் கேள்வியே கிடையாது.

கேள்வியே கேட்காமல், உள்ளே இருப்பதையெல்லாம் படித்துவிட்டுப் பிறகு யார் என்று பார்க்கும் முறை ஒன்று கடந்த பதினைந்து, இருபது ஆண்டுகளில் வளர்ந்திருக்கிறது. மரபணு வரிசைப்படுத்தல் என்று அதைச் சொல்கிறோம். கொரோனா காலத்தில் ‘டெல்டா’, ‘ஒமிக்ரான்’ என்று நாம் கேள்விப்பட்டதெல்லாம் இந்த முறையில் வந்தவைதான். அதே கருவியை நோயாளியின் ரத்தத்துக்குப் பதிலாகக் கொசுவின் பக்கம் திருப்பினால் என்ன கிடைக்கும் என்பதே இந்தக் கட்டுரையின் விஷயம்.

முற்றமும் கொசுவும்

கொசுவின் கண்ணால் பார்த்தால் தேவகோட்டை இருக்கும் செட்டிநாடு நல்ல ஊர். வற்றாத ஆறு கிடையாது, வானம் பார்த்த பூமி. கிடைத்த மழையைச் சேர்த்து வைத்தே பழகிய மக்கள். கூரைத் தண்ணீரெல்லாம் வளவு முற்றத்தில் இறங்கும்படி வீட்டைக் கட்டி, அண்டாவிலும் கிடாரத்திலும் பிடித்து வைத்தார்கள். இன்று அந்த இடத்தில் பிளாஸ்டிக் டிரம்மும் சிமென்ட் தொட்டியும் நிற்கின்றன. டெங்குவையும் சிக்குன்குனியாவையும் சுமக்கும் ஏடிஸ் எஜிப்தி கொசுவுக்குச் சாக்கடை ஆகாது. இப்படிப்பட்ட தெளிந்த தண்ணீர்தான் வேண்டும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் முட்டையை ஒட்டிவிட்டுப் போகும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை போகாது. காய்ந்த நிலையிலேயே மாதக்கணக்கில் உயிரோடிருந்து, அடுத்த மழை நனைத்ததும் பொரியும். தேய்த்துக் கழுவினால் மட்டுமே போகும்.

இதோடு பூட்டிய வீடுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்க, படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கப்படும் பெரிய வீடுகள் தெருவுக்குத் தெரு உண்டு. அபேட் மருந்தும் கையுமாக வரும் கொசு ஒழிப்புப் பணியாளர் அங்கே பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஏடிஸ் கொசு நெடுந்தூரம் பறக்காது. பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள் வாழ்ந்து முடித்துவிடும். எனவே எந்தத் தெருவில் எந்தக் கொசு எந்த வைரஸைச் சுமக்கிறது என்பது ஊருக்கு ஊர் மட்டுமல்ல, தெருவுக்குத் தெருவே மாறக்கூடிய தகவல்.

வேலூர் போட்ட பிள்ளையார் சுழி

கொசுவுக்குள் வைரஸ் தேடுவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1952இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐ.சி.எம்.ஆர்.) அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையும் சேர்ந்து புணேயில் வைரஸ் ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கின. இன்றைய தேசிய வைராலஜி நிறுவனம் அதுதான். 1955இல் வேலூர்ப் பகுதியில் மூளைக்காய்ச்சல் கண்டவர்களுக்கு வந்திருப்பது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று தெரியவந்தது. இந்தியாவில் அந்த நோய் மனிதரிடம் அடையாளம் காணப்பட்டது அதுவே முதல்முறை. மறு ஆண்டே வயல்வெளிக் கொசுவான கியூலெக்ஸ் விஷ்ணுய் இனக்குழுவிலிருந்து அதன் வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை ஒட்டி ஒரு வைரஸ் தேடல் குழுவே இயங்கியது.

வேலை இப்படி நடக்கும். அந்தி சாயும் நேரத்தில் மாட்டுக்கொட்டகையில் டார்ச் அடித்து, கண்ணாடிக் குழாயால் கொசுவை உறிஞ்சிப் பிடிப்பார்கள். இனம் இனமாகப் பிரித்து, ஐம்பது நூறாகச் சேர்த்து அரைத்து, வடிகட்டிய சாற்றைப் பிறந்து இரண்டு மூன்று நாளான சுண்டெலிக் குட்டியின் மூளைக்குள் ஊசியால் செலுத்துவார்கள். குட்டி சுருண்டு படுத்தால் உள்ளே ஏதோ வைரஸ் இருக்கிறது என்று அர்த்தம். பிறகு அது யார் என்று கண்டுபிடிக்க, தெரிந்த வைரஸ்களுக்கு எதிரான சீரங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்தப் பொறுமைக்குப் பலன் பெரிது. தென்னிந்தியாவில் பிடித்த கொசுக்களிலேயே டெங்குவின் நான்கு வகைகளில் முதல் வகையும் நான்காம் வகையும் இருப்பதாக 1964இல் கேரி, மையர்ஸ், ரூபன் ஆகிய மூவரும் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். 1968இல் வேலூரில் பரவிய டெங்குவில் நான்கு வகைகளும் ஒரே ஊரில், மனிதரிலும் கொசுவிலுமாகப் பிரித்தெடுக்கப்பட்டன. ஆய்வுக்குழுவில் இருந்த பூச்சியியலாளர் ரேச்சல் ரூபன் பின்னாளில் மதுரையில் ஐ.சி.எம்.ஆரின் மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையத்தை வழிநடத்தினார். மதுரையில் எலிக்குட்டிக்குப் பதில் ஒரு கொசுவையே பயன்படுத்தினார்கள்: ரத்தமே குடிக்காத, உருவில் பெரிய டாக்சோரிங்கைடிஸ் என்ற இனம். சந்தேகத்துக்குரிய சாற்றை அதன் புழுவுக்கு ஊசி போட்டு, வைரஸ் பெருகுகிறதா என்று பார்ப்பார்கள்.

வைரஸைக் கண்டெடுத்த ஊரின் பெயரையே அதற்கு வைப்பது அன்றைய வழக்கம். அதனால் வேலூரின் சதுப்பேரியும் தோட்டப்பாளையமும் சத்துவாச்சாரியும் உலக வைரஸ் பட்டியலில் நிரந்தரமாக இடம்பிடித்துவிட்டன. தோட்டப்பாளையம் வைரஸின் கதை விசித்திரமானது. 1964இல் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஆய்வுக்காகப் பிடித்த மூஞ்சூறு ஒன்றில் கிடைத்தது அது. பூச்சி வழிப் பரவும் வைரஸாக இருக்கலாம் என்று எடுத்து வைத்தார்கள். அது ஹாண்டா வைரஸ் குடும்பம் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அந்தக் குடும்பத்துக்குப் பெயர் கொடுத்த கொரியாவின் ஹாண்டான் வைரஸ் பிரித்தெடுக்கப்படுவதற்குப் பத்தாண்டுக்கும் முன்பே, அதன் உறவினர் வேலூர் ஆய்வகக் குளிர்பெட்டியில் பெயர் தெரியாமல் இருந்திருக்கிறது.

ஜெர்மனி மாட்டில் சதுப்பேரி

2011 இலையுதிர் காலம். ஜெர்மனியின் ஷ்மாலன்பெர்க் நகரத்துக்கு அருகே ஒரு பண்ணையில் மாடுகளுக்குக் காய்ச்சல். கறவை திடீரென்று குறைந்தது. தெரிந்த மாட்டு நோய்களுக்கான சோதனைகள் எல்லாவற்றிலும் ‘இல்லை’ என்றே பதில் வந்தது. அந்நாட்டின் ஃபிரீட்ரிக் லோஃப்லர் நிறுவன விஞ்ஞானிகள் மூன்று மாடுகளின் ரத்தத்தைச் சேர்த்து, எந்தக் கேள்வியும் இல்லாமல் அதிலிருந்த மரபணுத் துண்டுகளையெல்லாம் படித்தார்கள். பெரும்பாலானவை மாட்டின் சொந்த எழுத்துகள். நடுவே ஒரு சில துண்டுகள் மட்டும் யாருக்கும் தெரியாத வைரஸுடையவை.

பூச்சிகள் வழியாகப் பரவும் சிம்பு என்ற வைரஸ் கூட்டத்தை அந்தத் துண்டுகள் காட்டின. மேலும் நெருங்கிப் பார்த்தபோது புதிய வைரஸின் நெருங்கிய உறவாக நின்றது, 1957இல் வேலூர்க் கொசுக்களில் கண்டெடுத்த சதுப்பேரி வைரஸ். ஐரோப்பா முழுக்கப் பரவி, ஆட்டுக்குட்டிகளையும் கன்றுகளையும் ஊனமாகப் பிறக்கச் செய்த ஒரு நோயைப் புரிந்துகொள்வதற்கு அரை நூற்றாண்டுக்கு முந்தைய தமிழ்நாட்டுக் கொசு ஆய்வு சாட்சி சொன்னது. மனிதருக்கு அந்த வைரஸால் நோய் வரவில்லை என்பது ஆறுதல்.

வேலூர்க்காரர்கள் அன்று தேடியது ஜெர்மனி மாட்டுக்காக அல்ல. எதற்குப் பயன்படும் என்று தெரியாமலே ஊர், நாள், கொசுவின் இனம் எல்லாவற்றையும் ஒழுங்காகக் குறித்து வைத்தார்கள். அந்தக் குறிப்பு இல்லையென்றால் புதிய எழுத்துகளை ஒப்பிட எதிரே எதுவும் இருந்திருக்காது.

எப்படிப் படிக்கிறார்கள்?

டெங்கு, சிக்குன்குனியா, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் எல்லாமே ஆர்.என்.ஏ. வைரஸ்கள். மனிதனின் மரபணுத் தொகுதி சுமார் 300 கோடி எழுத்துகள். டெங்குவின் முழு ஜாதகமோ ஏறக்குறைய 10,700 எழுத்துகளில் முடிந்துவிடும். சிக்குன்குனியாவுக்கு 11,800.

கொசுவைப் பிடித்ததும் கடுங்குளிரில் வைக்க வேண்டும், ஆர்.என்.ஏ. வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும். பிறகு அரைத்து, ஆர்.என்.ஏ.யைப் பிரித்து, கொசுவுக்கே உரிய ஏராளமான ஆர்.என்.ஏ.யை முடிந்தவரை கழித்துவிட்டு, மிச்சத்தை டி.என்.ஏ. நகலாக மாற்றி இயந்திரத்தில் ஏற்றுகிறார்கள். இயந்திரம் முழு வைரஸையும் ஒரே மூச்சில் படிப்பதில்லை. நூறு, நூற்றைம்பது எழுத்துகள் கொண்ட துண்டுகளாக லட்சக்கணக்கில் படித்துத் தள்ளும். ஒன்றன் முடிவும் இன்னொன்றன் தொடக்கமும் ஒத்துப்போகும் இடங்களைக் கணினி கண்டுபிடித்து, துண்டுகளை நீளமாகக் கோத்துக் கொடுக்கும். கிடைத்த வரிசையை உலகம் முழுவதும் உள்ள விஞ்ஞானிகள் சேர்த்து வைத்திருக்கும் பொதுத் தரவுத்தளத்தோடு ஒப்பிட வேண்டும்.

எதோடும் ஒத்துப்போகாத வைரஸை எப்படி அடையாளம் காண்பது? அதற்கும் ஒரு பிடி உண்டு. ஆர்.என்.ஏ. வைரஸ்கள் தம்மைத் தாமே நகலெடுக்க ஒரு நொதியைத் தயாரித்துக்கொள்கின்றன. பார்ப்பதற்கு எவ்வளவு மாறியிருந்தாலும் அந்த நொதிக்கான மரபணுவில் சில இடங்கள் மாறுவதில்லை. அந்த இடங்களைத் தேடினால் முன்பின் பார்த்திராத வைரஸும் சிக்கும். சீனாவில் பூச்சி, நண்டு, புழு போன்ற 220க்கும் மேற்பட்ட முதுகெலும்பற்ற உயிரினங்களை இப்படிப் படித்து, 2016இல் ஒரே ஆய்வில் 1,445 ஆர்.என்.ஏ. வைரஸ்களை அறிவித்தார்கள்.

கொசுவுக்கு மட்டும் என்று பார்த்தால் 2021இல் வெளியான கலிஃபோர்னியா ஆய்வு முக்கியமானது. அதன் ஆய்வாளர்கள் கொசுக்களை ஐம்பது நூறாக அரைக்கவில்லை. 148 கொசுக்களையும் தனித்தனியாகப் படித்தார்கள். தெரிந்த வைரஸ்கள் 24, புதியவை 46 கிடைத்தன. ஒவ்வொரு கொசுவும் என்ன இனம், கடைசியாக எந்த விலங்கின் ரத்தத்தைக் குடித்தது, ஒரே கொசுவுக்குள் எத்தனை வைரஸ்கள் ஒன்றாகக் குடியிருந்தன என்பதெல்லாம் அதே சோதனையில் தெரிந்துவிட்டது. மொத்தமாக அரைத்தால் இந்தத் தகவலெல்லாம் கலந்து போயிருக்கும்.

கோயிலும் பிரிவும் விலாசமும்

செட்டிநாட்டு நகரத்தார் இருவர் முதன்முதலாகச் சந்தித்தால், ‘எந்த ஊர், எந்தக் கோயில்?’ என்ற கேள்வி வராமல் பேச்சு நகராது. இளையாத்தங்குடியா, மாத்தூரா, பிள்ளையார்பட்டியா என்று ஒன்பது கோயில்களில் ஒன்றைச் சொன்னதும், அடுத்து பிரிவு, அப்புறம் வீட்டு விலாசம். மூன்று கேள்வியில் எதிரே நிற்பவர் பங்காளியா, பெண் எடுக்கலாமா என்பது தெளிவாகிவிடும். வைரஸிடம் மரபணு வரிசைப்படுத்தல் விசாரிப்பதும் இந்த முறையில்தான். ‘டெங்கு’ என்பது கோயில் பெயர். ஒன்று முதல் நான்கு வரையிலான வகை அதன் பிரிவு. மரபுக்கிளை என்னும் விலாசம் தெரிந்தால்தான் எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது என்று சொல்ல முடியும்.

சிக்குன்குனியாவை எடுத்துக்கொள்வோம். 1963இல் கொல்கத்தாவிலும், 1964இல் சென்னை, வேலூர் பகுதிகளிலும் அது பெரிதாகப் பரவியது. 1973இல் மகாராஷ்டிரத்தின் பார்சியில் தலைகாட்டிய பிறகு முப்பதாண்டுக்கும் மேல் சத்தமில்லை. திடீரென்று 2005 கடைசியில் ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் தொடங்கி, 2006இல் நாடு முழுவதும் ஏறத்தாழ 13.9 லட்சம் பேரை முடக்கியது. தமிழ்நாட்டில் குனிந்தவர் நிமிர முடியாமல் சுவரைப் பிடித்து நடந்த ஆண்டு அது. பழைய வைரஸ்தான் தூக்கம் கலைந்து எழுந்ததா?

புணே தேசிய வைராலஜி நிறுவனம் எழுத்துகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது இல்லை என்று தெரிந்தது. 1963 முதல் 1973 வரை பரவியவை ஆசியக் கிளை. 2005–06இல் வந்தது கிழக்கு, மத்திய, தென்னாப்பிரிக்கக் கிளை. பெயர் ஒன்று, பரம்பரை வேறு. அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது. மகாராஷ்டிரத்தின் யவத் என்ற ஊரில் 2000ஆம் ஆண்டு ஏடிஸ் எஜிப்தி கொசுக்களிலிருந்து பிரித்த வைரஸும் அதே ஆப்பிரிக்கக் கிளைதான். அதாவது, லட்சக்கணக்கான நோயாளிகள் வரிசையில் நிற்பதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே அந்தப் பரம்பரை இந்தியக் கொசுவுக்குள் வந்துவிட்டது. அதன் விலாசத்தை நாடு அறிந்ததோ கொள்ளைநோய்க்குப் பிறகு.

ஒரே ஒரு எழுத்து என்ன செய்யும் என்பதற்கும் சிக்குன்குனியாதான் பாடம். 2005–06இல் ரீயூனியன் தீவில் மூன்றில் ஒருவரை அது படுக்கவைத்தது. அங்கே ஏடிஸ் எஜிப்தி அரிது. தோட்டங்களில் வாழும் ஆசியப் புலிக்கொசுதான் அதிகம். வைரஸின் வெளியுறைப் புரதம் ஒன்றில் 226ஆம் இடத்து அமினோ அமிலம் மாறியிருந்ததால் புலிக்கொசுவுக்குள் அது முன்னைவிட எளிதாகப் பெருகியது. 11,800 எழுத்துகளில் ஒன்று மாறினால் போதும், இந்த மாற்றம் வந்துவிடும். 2007இல் கேரளத்திலும் அதே மாற்றம் கண்டறியப்பட்டது. ரப்பர் பால் பிடிக்கும் சிரட்டைகளில் மழைநீர் தேங்கி, புலிக்கொசு பெருகும் மாநிலம் அது. வீட்டுக்குள் தொட்டி கழுவினால் போதும் என்றிருந்த தடுப்பு வேலை, தோட்டத்துக்கும் போக வேண்டியதாயிற்று.

2012இல் திருநெல்வேலியில் தொடங்கித் தமிழ்நாட்டை உலுக்கிய டெங்குவும் இப்படித்தான். அந்த ஆண்டு மாநிலத்தில் 12,000க்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டார்கள். முதல் வகை டெங்குவில் தென்னிந்தியாவுக்குப் புதிதான ஆசியக் கிளை ஒன்று அப்போது பரவியதை மரபணு ஆய்வு காட்டியது. தென்கிழக்கு ஆசிய வைரஸ்களோடு உறவுள்ள கிளை அது. தலைமுறை தலைமுறையாகக் கடல் கடந்து போய்வரும் செட்டிநாட்டுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆட்கள் போய்வரும் பாதையில் வைரஸும் போய்வரும்.

எல்லா வைரஸும் வில்லன் அல்ல

கொசுவுக்குள் புதிய வைரஸ் என்று செய்தி வந்ததும் பதற வேண்டியதில்லை. கண்டெடுக்கப்படுபவற்றில் மிகப் பெரும்பாலானவை பூச்சிக்குள் மட்டுமே வாழ்பவை. மனித உடலில் அவற்றால் பெருகவே முடியாது. அத்தகைய ஒன்று முதன்முதலில் 1975இல் ஆய்வகத்தில் வளர்த்த ஏடிஸ் எஜிப்தி செல்களில் தற்செயலாகக் கண்டறியப்பட்டது. டெங்குவின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் நமக்கு நோய் தராதது. இஸ்ரேல் பாலைவனக் கொசு ஒன்றில் கிடைத்த எய்லாட் வைரஸும் அப்படித்தான். மனிதரில் பெருகாது என்பதாலேயே அதன்மீது சிக்குன்குனியாவின் வெளியுறையைப் பொருத்தித் தடுப்பூசி செய்ய ஆய்வு நடக்கிறது.

ஆனால் பூச்சி வைரஸ்களைச் சும்மா இருப்பவை என்று ஒதுக்கவும் முடியாது. பல நாடுகளின் ஏடிஸ் கொசுக்களைப் படித்த ஆய்வு ஒன்று 2023இல் வெளியானது. சில பூச்சி வைரஸ்கள் உடன் இருக்கும் கொசு, டெங்குவை இன்னும் நன்றாகப் பரப்புகிறது என்று அது கண்டது. அடுத்தடுத்த தெருக்களில் கொசு எண்ணிக்கை ஒன்றாக இருந்தும் காய்ச்சல் கூடக் குறைய இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இயந்திரமும் ஏமாறும். பழைய வைரஸ்களின் துண்டுகள் கொசுவின் சொந்த மரபணுவிலேயே ஒட்டிக்கொண்டு பரம்பரையாகத் தொடர்வதுண்டு; அதைப் படித்துவிட்டு உயிருள்ள வைரஸ் என்று நினைக்க வாய்ப்பிருக்கிறது. கொசு கடைசியாகக் குடித்த ரத்தத்தில் இருந்த கிருமி, கொசு பரப்பும் கிருமியாக இருக்க வேண்டும் என்பதுமில்லை. வரிசை கிடைத்த பிறகு வைரஸை வளர்த்துப் பார்க்க வேண்டும். கொசுவின் உமிழ்நீரில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஊர் மக்களின் ரத்தத்தில் அதற்கு எதிர்ப்பொருள் உண்டா என்று பார்க்க வேண்டும். வேலூர்க்காரர்கள் செய்த பழைய வேலை இன்றும் தேவைப்படுவது இதனால்தான்.

இனி என்ன?

தமிழ்நாட்டில் இதற்கு வேண்டிய உறுப்புகள் தனித்தனியே இருக்கின்றன. சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் 2021 செப்டம்பரில் மாநில அரசே மரபணுப் பகுப்பாய்வுக் கூடம் திறந்தது. ஓசூரில் பூச்சிகளால் பரவும் நோய்களுக்கான அரசு நிறுவனம் இருக்கிறது. மதுரை மையம் இன்று புதுச்சேரியில் உள்ள நோய்பரப்பிக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தின் (வி.சி.ஆர்.சி.) கள நிலையமாக இயங்குகிறது. தேவகோட்டைக்குப் பக்கத்திலேயே காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகம். இவற்றை இணைத்து, நோயாளி வருவதற்கு முன்பே கொசுவைப் படிக்கும் வழக்கத்தை உண்டாக்குவதுதான் அடுத்த வேலை.

குளிர்பெட்டியோடு தெருத்தெருவாக அலைய வேண்டுமே என்றால், அதற்கும் மலிவான வழி இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2010இல் செய்து காட்டினார்கள். ரசாயனம் ஏற்றிய அட்டையில் தேன் தடவிக் கொசுப்பொறிக்குள் வைத்துவிட்டால், தேனைக் குடிக்க வரும் கொசு அட்டையில் உமிழ்நீரை விட்டுச் செல்லும். வைரஸ் அங்கேயே செயலிழந்துவிடும், அதன் ஆர்.என்.ஏ. மட்டும் சாதாரண வெப்பத்திலேயே கெடாமல் நிற்கும். அட்டையைக் கவரில் போட்டு அனுப்பலாம். உமிழ்நீரில் வந்தது என்பதால், பரவக்கூடிய வைரஸ்தானா என்ற சந்தேகமும் பாதி தீர்ந்துவிடும். பூட்டிய வீட்டுக்குள் போக முடியாவிட்டால் என்ன, அந்த வீட்டுக் கொசு வெளியே வரத்தானே செய்யும்.

ஐப்பசி வரை காத்திருக்காமல் ஆவணி, புரட்டாசியிலேயே தேவகோட்டையில் சில தெருக்களில் இந்தப் பொறிகளை வைக்கலாம். அட்டையும் சில கொசுக்களும் மதுரைக்குப் போகட்டும், அங்கே இனம் பிரிக்கட்டும், சென்னையில் படிக்கட்டும். இடம், நாள், இனம் மூன்றும் வேலூர்க் குறிப்பேட்டைப் போல ஒழுங்காகப் பதிவாகட்டும். இதில் விட்டுவிடக் கூடாத கடைசிப் படி ஒன்று உண்டு: முடிவு ஊருக்குத் திரும்பி வர வேண்டும். படித்த எழுத்துகள் தலைநகரின் கணினியிலேயே தங்கிவிட்டால் அது ஓர் ஆய்வுக் கட்டுரை ஆகும். மருந்து வாளியோடு நிற்கும் பணியாளரிடம் இன்று எந்தத் தெருவில் முதலில் இறங்க வேண்டும் என்று சொன்னால்தான் அது பொதுச் சுகாதாரம்.